டெல்ஃப்ட் நகரக் காட்சி: இந்தப் படத்தில் சத்தமே கேட்கவில்லையே, ஏன்?

#1 வரைகோல்

எல்லோருக்கும் வணக்கம். ஓவியப் பகுதியில் இதுதான் என் முதல் இழை. தப்பான இடத்தில் தொடங்கியிருந்தால் மட்டுறுத்துனர் நகர்த்திவிடவும்.

ஒரு மாதமாக என் ஃபோனில் வால்பேப்பராக டச்சு ஓவியர் வெர்மீரின் 'டெல்ஃப்ட் நகரக் காட்சி' இருக்கிறது. முன்னால் கொஞ்சம் மணல், அப்புறம் தண்ணீர், அக்கரையில் ஊர், பாதிக்கு மேல் வானம். அவ்வளவுதான். யாரும் எதுவும் செய்யவில்லை. படகுகள் கட்டிக் கிடக்கின்றன. இருந்தும் ஃபோனைத் திறக்கும்போதெல்லாம் எதற்காகத் திறந்தேன் என்பது மறந்துபோகிறது.

இதே மாதிரி ஆற்றங்கரை, குளக்கரை என்று வாட்டர்கலரில் நானும் முப்பது படமாவது போட்டிருப்பேன். அத்தனையும் காலண்டர் படம் மாதிரிதான் வருகிறது. அழகாக இருக்கும், ஆனால் அமைதி இருக்காது. இவர் படத்தில் அது எங்கிருந்து வருகிறது? கலரா, அமைப்பா, இல்லை நானே கற்பனை பண்ணிக்கொள்கிறேனா?

#2 சும்மாஇரு

கற்பனைதான் பாஸ். ஒரு குளம், பின்னாடி ஊரு. அந்தக் காலத்துல கேமரா இல்ல, வரைஞ்சு வச்சாங்க. 'உலகப் புகழ் பெற்ற'ன்னு எழுதாம இதையே நீங்க வரைஞ்சதுன்னு போட்டிருந்தா யாராவது லைக் போட்டிருப்பாங்களா?

#3 ஓவியப்பித்தன்

தம்பி சும்மாஇரு, அது குளம் இல்லை. கொல்க் என்று பெயர். 1614 இல் வெட்டிய படகுத்துறை. ஸ்கீ கால்வாய் வந்து ஊரைத் தொடுகிற இடம். அங்கே ஏறினால் தெற்கே ரோட்டர்டாம், ஸ்கிடாம் வரைக்கும் தண்ணீரிலேயே போய்விடலாம். வெர்மீர் தென்கரையில் இருந்து வடக்கே பார்க்கிறார். ஏதோ ஒரு வீட்டு மாடி ஜன்னலில் நின்று பார்க்கிற உயரம்.

நடுவில் கடிகாரத்தோடு இருப்பது ஸ்கிடாம் வாயில். வலது பக்கம் இரட்டைக் கூம்பு வைத்தது ரோட்டர்டாம் வாயில். இரண்டுக்கும் நடுவே ஒரு கல் பாலம். பின்னால் வெயில் பட்டு வெளுத்துத் தெரிவது புதிய தேவாலயத்தின் கோபுரம். பெயர்தான் புதியது, 1496 இலேயே கட்டி முடித்தாயிற்று.

வரைகோல் கேட்டதற்கு வருகிறேன். படம் 1660-61 வாக்கில் வரைந்தது. கேன்வாஸ் சுமார் 96 செ.மீ. உயரம், 116 செ.மீ. அகலம். அந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்தக் காலத்து ஊர்க்காட்சிகள் பெரும்பாலும் பக்கவாட்டில் இழுத்து நீட்டிய ரிப்பன் மாதிரி இருக்கும். ஊரின் பெருமையைக் காட்ட வேண்டுமே, ஒரு கோபுரத்தையும் விட்டுவிடக் கூடாது! இவர் கிட்டத்தட்டச் சதுரமாக எடுத்துக்கொண்டு, ஊரை நடுவில் ஒல்லியான பட்டையாக வைத்துவிட்டு, மீதியை வானத்துக்குக் கொடுத்துவிட்டார். அக்கரையில் ஊர், இக்கரையில் நாம் என்ற யோசனை அவருடையது இல்லை. எசாயஸ் ஃபான் டெ வெல்டெ 1618 இலேயே சீரிக்சே என்ற ஊரை இப்படி வரைந்திருக்கிறார். சரக்கு பழையதுதான்.

புதிது எது என்றால் வெளிச்சம். முன்னால் இருப்பதற்கு வெளிச்சம் போட்டு, பின்னால் போகப் போக மங்கலாக்கு என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் மாஸ்டராக நானும் அதையே சொல்லிக் கொடுத்தேன். இவர் தலைகீழாகச் செய்கிறார். மேலே ஒரு கரிய மேகம். மதில், இரண்டு வாயில்கள், அவற்றின் பிம்பம் எல்லாம் அந்த மேகத்தின் நிழலில். வெயில் விழுவது வாயில்களுக்குப் பின்னால், ஊருக்குள்ளே, நாம் போக முடியாத தெருக்களின் கூரைமேல். கண் தானாக உள்ளே போகிறது, கால் வெளியே நிற்கிறது.

#4 வரைகோல்

ஐயா, "கண் உள்ளே, கால் வெளியே" என்பதைக் குறித்து வைத்துக்கொண்டேன். என் முப்பது படத்திலும் முன்னால் ஒரு சிவப்புப் புடவை, அதற்கு முழு வெயில்.

#5 சும்மாஇரு

அன்னிக்கு வெயில் அப்படி விழுந்துது, அப்படியே வரைஞ்சாரு. இதுல இவரு தலைகீழா என்னத்த செஞ்சாரு? ஏதோ ஓட்டை போட்ட பெட்டியை வச்சு, உள்ள விழற பிம்பத்தை டிரேஸ் எடுத்தாருன்னு ஒரு வீடியோவுல பார்த்தேன். ஜெராக்ஸ் கடைக்காரருக்கெல்லாமா ரசிகர் மன்றம்?

#6 ஓவியப்பித்தன்

இதற்குத்தான் காத்திருந்தேன்.

இருட்டறைப் பெட்டியை அவர் பார்த்திருக்கலாம். பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன். வெர்மீர் பிறந்த அதே டெல்ஃப்டில், அதே 1632 அக்டோபரில் பிறந்தவர் நுண்ணோக்கி புகழ் லேவன்ஹுக். வெர்மீர் கடனோடு இறந்த பிறகு அவருடைய சொத்துக் கணக்கை 1676 இல் நிர்வகிக்க நியமிக்கப்பட்டவரும் அவரே. கண்ணாடி வில்லைகளுக்குப் பஞ்சமில்லாத ஊர்.

ஆனால் படத்தின் வலது பக்கம் நிற்கிற படகுகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன வெளிச்சப் பொட்டுகள், தண்ணீர் தெறித்த மாதிரி. லென்ஸ் சரியாகக் குவியாதபோது இப்படி வட்டப் பொட்டுகள் தெரியும் என்பது உண்மை. அவை வெயிலில் பளபளக்கிற ஈரப் பரப்பில்தான் தெரியும். அந்தப் படகுகளோ நிழலில் நிற்கின்றன! பெட்டியில் பார்த்ததை இங்கே எடுத்து வைத்தாரோ, கையே பழகிவிட்டதோ, எப்படியானாலும் டிரேஸ் எடுத்தால் வராது.

அடுத்து, அதே இடத்தை வேறு ஆட்கள் வரைந்த கோட்டுப்படங்கள் இருக்கின்றன. ஒப்பிட்டால் வெர்மீர் செய்த வேலை தெரியும். ரோட்டர்டாம் வாயில் உண்மையில் தண்ணீர்ப் பக்கமாக நம்மை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும். இவர் அதைத் திருப்பி, நம் பார்வைக்கு ஏறக்குறைய இணையாகப் படுக்க வைத்துவிட்டார். துருத்திக்கொண்டிருந்த கட்டடங்களின் உயரத்தைத் தட்டி, கூரைகளை ஒரே கிடைக்கோட்டில் சாந்தமாக ஓடவிட்டார்.

அந்த வாயிலின் பிம்பத்தையும் பாருங்கள். எக்ஸ்-ரே எடுத்தபோது முதலில் அதைக் குட்டையாக, இருப்பது இருந்தபடி வரைந்திருந்தது தெரியவந்தது. பிறகு மனம் மாறி, இரட்டைக் கூம்பின் பிம்பத்தைத் தண்ணீரில் இழுத்து இழுத்து இக்கரை வரைக்கும் கொண்டுவந்திருக்கிறார். அக்கரையையும் இக்கரையையும் தைக்கிற நூல் அதுதான். கண்ணாடி மாதிரி தெளிவாகவும் வைக்கவில்லை, லேசாகக் கலங்கிய பிம்பம். கண்ணாடி மாதிரி வைத்திருந்தால் நீங்கள் சொன்ன காலண்டர் ஆகியிருக்கும்.

இன்னொன்று. இக்கரையில் இரண்டு பெண்கள் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா? அவர்களுக்கு வலது பக்கம் முதலில் ஓர் ஆண் இருந்தான். வரைந்து முடித்த ஆளை வண்ணம் பூசி மறைத்துவிட்டார்.

#7 சும்மாஇரு

அந்த ஆளு வாய ஓயாம பேசிட்டிருந்திருப்பான். அழிச்சதும் அமைதி வந்துடுச்சு. வரைகோல், உங்க கேள்விக்குப் பதில் கெடச்சாச்சு, இழையை மூடிடலாம்.

#8 வரைகோல்

சிரிப்பை அடக்க முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் நீங்கள் சொன்னதில் விஷயமும் இருக்கிறது.

#9 கணக்குப்பிள்ளை

ஸ்கிடாம் வாயில் கடிகாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் ஆர்வம் அங்கேதான்.

ரொம்ப நாளாக ஏழு மணி சுமார் என்றுதான் சொல்லிவந்தார்கள். டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழக வானியலாளர் டொனால்டு ஓல்சன் 2020 இல் இதை எடுத்துக் கணக்குப் போட்டார். அவர் பிடித்த பிடி புதிய தேவாலயக் கோபுரம். அது எட்டுப் பட்டை வைத்தது. எந்தப் பட்டையில் வெயில், எதில் நிழல், எந்த ஓரத்தில் மெல்லிய கீற்றாக ஒளி தடவுகிறது என்பதை வைத்துச் சூரியன் நின்ற திசையைக் கண்டுபிடித்துவிடலாம். கோபுரமே கோணமானி. இதன்படி காலை மணி எட்டு என்கிறார். அந்தக் காலக் கடிகாரங்களில் மணி முள் மட்டும்தான் இருக்கும், நிமிட முள் கிடையாது. நாம் இரண்டு முள் என்று நினைப்பது ஒரே முள்ளின் இரண்டு முனை.

சூரியன் அப்படி நிற்கக்கூடிய நாட்கள் ஆண்டில் இரண்டு தடவை, ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும். மரங்களில் இலை தழைத்திருப்பதால் ஏப்ரல் அடிபட்டுப் போகிறது. ஆக செப்டம்பர் 3 அல்லது 4. ஆண்டுக்கும் ஒரு துப்பு இருக்கிறது. கோபுரத்தின் மணிக்கூண்டு வெறுமையாக, வானம் தெரியும்படி இருக்கிறது. பிரான்சுவா எமோனி வார்த்த மணிகளை 1660-61 இல் அங்கே ஏற்றினார்கள். அதனால் 1659 அல்லது அதற்கும் முன்னால் என்பது அவர் முடிவு.

வரைகோல் தலைப்பில் சத்தம் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாரே, அது நிஜமாகவே சரி. கோபுரத்தில் மணியே இல்லை!

#10 ஓவியப்பித்தன்

அந்தக் கடைசி வரிக்காக உங்களுக்கு ஒரு காப்பி. செப்டம்பர் கணக்கைத்தான் நான் ஏற்கவில்லை. பிம்பத்தை இழுத்து நீட்டியவர், வாயிலைத் திருப்பி வைத்தவர், கோபுரத்து வெயிலில் மட்டும் அரிச்சந்திரனாக இருந்திருப்பாரா? வலது ஓரம் நிற்பவை ஹெர்ரிங் மீன் பிடிக்கும் படகுகள். கோடை தொடங்கும்போது கடலுக்குப் போய்விடும். அவை பழுதுபார்க்க நிற்பதை வைத்து மே மாதம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர் ஒரு நாளை வரையவில்லை. பல நாட்கள் பார்த்ததை ஒரே காலையாக்கியிருக்கிறார்.

#11 கணக்குப்பிள்ளை

வெயில் விழுகிற அந்தக் கீற்று ஆண்டு முழுக்க இல்லாத அரிய விஷயம். அதைக் கற்பனையில் வரைய முடியாது, பார்த்துத்தான் வரைய வேண்டும் என்பது ஓல்சன் வாதம். படகைக் கொண்டுவந்து எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், சூரியனை நிறுத்த முடியாது. இதில் நான் ஓல்சன் கட்சி.

#12 நூலகப்பூனை

நான் வேறொன்று சொல்ல வந்தேன். இது அமைதியான படம் இல்லை, துக்கப் படம்.

1654 அக்டோபர் 12 அன்று டெல்ஃப்டின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. ஊரின் ஒரு பகுதியே தரைமட்டம். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், காயம்பட்டவர்கள் எத்தனையோ ஆயிரம். ஊர்க்காரர்கள் அதை 'டெல்ஃப்ட் இடி' என்றே சொல்கிறார்கள். கரெல் ஃபாப்ரிட்சியுஸ் என்ற அருமையான ஓவியர் தன் வீட்டோடு அதில் போய்விட்டார், வயது முப்பத்திரண்டு. வெர்மீருக்கு அப்போது 21. அதிலிருந்து ஆறேழு வருடம் கழித்து, அதே ஊரை, ஒரு ஓடுகூடக் குலையாமல், துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி வரைகிறார் என்றால் என்ன அர்த்தம்? மேலே அந்தக் கரிய மேகம் வேறு. வெயில் விழுகிற கோபுரம் யாருடையது? ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து நின்று, 1584 இல் அதே ஊரில் சுட்டுக் கொல்லப்பட்ட ஆரஞ்சு வில்லியம் அடங்கியிருக்கிற தேவாலயம். எதுவும் தற்செயல் இல்லை.

#13 கணக்குப்பிள்ளை

நண்பரே, வெடிப்பு நடந்தது ஊரின் வடகிழக்கு மூலையில். படம் தெற்கிலிருந்து பார்ப்பது. ஓடு குலையாமல் இருப்பதற்குக் காரணம் இந்தப் பக்கம் பெரிய சேதம் இல்லை என்பதுதான். சேதத்தை வரைய நினைத்தவர்கள் தாராளமாக வரைந்தார்கள். எக்பர்ட் ஃபான் டெர் பூல் என்பவர் அந்த இடிபாட்டை மட்டுமே திரும்பத் திரும்ப இருபது தடவை போல வரைந்து தள்ளினார். கோபுரத்தில் வெயில் விழுவது அது உயரமாக இருப்பதால்.

#14 நூலகப்பூனை

வடகிழக்கைக் காட்டாத இடமாகப் பார்த்து ஏன் நின்றார் என்றுதான் நான் கேட்கிறேன்.

#15 சும்மாஇரு

அங்க நின்னா சூரியன் கண்ணுல அடிச்சிருக்கும்.

#16 தீவுக்காரி

இவ்வளவு நாளும் வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான். இதுக்கு எழுதாமல் விடேலாது.

நான் இருக்கிறது நெதர்லாந்தில, டென் ஹாக்கில. வந்து முப்பது வருசத்துக்குக் கிட்ட. இந்தப் படம் இருக்கிற மவுரிட்ஸ்ஹவ்ஸ் அருங்காட்சியகம் எங்கட வீட்டில இருந்து டிராமில போற தூரம். ஃபோனில பாக்கிற படம் வேற, அங்க நிண்டு பாக்கிறது வேற. சிவப்புக் கூரையில கலர் சொரசொரவெண்டு ஓடு மாதிரியே தடிச்சு நிக்கும், விரல் வைச்சுப் பாக்கச் சொல்லும். தண்ணியில அப்பிடி இல்லை, வழுவழுவெண்டு மெல்லிசாப் பூசிக்கிடக்கு. 1994 இல பழைய வார்னிஷைக் கழுவித் துடைச்சவை. அதுக்கு முதல் எடுத்த பிரிண்ட்டுகளில எல்லாம் மஞ்சள் அடிச்சிருக்கும், வாங்கேக்க பாத்து வாங்குங்கோ. வாற சனமெல்லாம் முத்துத் தோடு போட்ட பிள்ளையின்ர படத்தைச் சுத்தித்தான் நிக்கும். டெல்ஃப்டுக்கு முன்னால எப்பவும் நிக்க இடம் கிடைக்கும்.

நான் ஏன் இதைப் போய்ப் போய்ப் பாக்கிறன் எண்டால், நானும் டெல்ஃப்ட்காரிதான். நெடுந்தீவு. ஒல்லாந்தர் 1658 இல யாழ்ப்பாணத்தைப் போத்துக்கீசரிட்ட இருந்து பிடிச்சு, தீவுகளுக்கெல்லாம் தங்கட ஊர்ப் பேரை வைச்சவை. வேலணைக்கு லைடன், காரைநகருக்கு ஆம்ஸ்டர்டாம். அதுகள் எல்லாம் மறைஞ்சு போச்சு, டெல்ஃப்ட் மட்டும் இண்டைக்கும் இங்கிலிஷ் வரைபடத்தில ஒட்டிக்கொண்டு நிக்குது. இந்தப் படம் வரைஞ்ச காலமும் எங்கட தீவுக்கு அந்தப் பேர் வந்த காலமும் கிட்டத்தட்ட ஒண்டு.

இப்ப உங்கட சண்டைக்கு வாறன். படத்தில இடது பக்கம், மணல் கரையில கட்டியிருக்கிற படகைப் பாத்தனீங்களோ? அதின்ர உடம்பிலதான் வெர்மீர் தன்ர கையெழுத்தையும் வைச்சிருக்கிறார். அது மீன்பிடிப் படகில்லை, ஆக்கள் ஏறிப் போற படகு. கரையில இருந்து குதிரை கயிறு கட்டி இழுக்கும். நேர அட்டவணை போட்டு ஓடின படகு அது. அதுக்குப் பக்கத்தில ரெண்டு மூண்டு பேர், ஒரு பொம்பிளை கைக்குழந்தையோட. அவை சும்மா நிக்கேல்ல. படகுக்கு நிக்கினம். அதுக்குத்தான் அந்த மணிக்கூடு.

எங்களுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையில படகுக்கு நிண்ட பழக்கம் இருக்கு. விடிய வெள்ளெனப் போய் நிப்பம். வந்த புதுசில எல்லாரும் கதைப்பினம். பேந்து கதை எல்லாம் முடிஞ்சு, படகும் வராமல், வெயிலும் ஏறாமல் ஒரு நேரம் இருக்கு. ஆக்கள் கடலைப் பாத்துக்கொண்டு நிப்பினம், ஆனால் பாக்கிறதும் இல்லை. இந்தப் படத்தில இருக்கிறது அந்த நேரம். நான் முதல் தடவை கண்டதும் அதுதான்.

#17 வரைகோல்

அக்கா, இதைப் படித்துவிட்டுப் படத்தைத் திறந்தால் முழுக்க வேறு படம். முதல் பஸ்ஸுக்கு நிற்கிற ஊர்! இத்தனை நாளாக அவர்களை இயற்கைக் காட்சியில் வைத்த பொம்மைகள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

#18 நூலகப்பூனை

தீவுக்காரி, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? காத்திருப்பு என்கிறீர்கள், சரி. துக்கம் இல்லை என்கிறீர்களா?

#19 தீவுக்காரி

குறிகட்டுவானில நாங்கள் பாத்துக்கொண்டு நிண்ட படகின்ர பேர் குமுதினி. 1985 மே மாசம் அதில நடந்தது உங்கள் கனபேருக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாத ஆக்களுக்கு நான் இங்க எழுதேல்ல.

அதுக்குப் பிறகும் அதே படகுதான் ஓடினது. நாங்களும் அதிலதான் ஏறினனாங்கள். அம்மா மீன் என்ன விலை, மா என்ன விலை எண்டு கதைச்சுக்கொண்டு நிப்பா. அவவை அண்டைக்கு ஆரும் வரைஞ்சிருந்தால் அதில துக்கம் இருக்கோ இல்லையோ எண்டு எனக்கும் சொல்லத் தெரியாது.

#20 நூலகப்பூனை

மன்னிக்கவும். அவசரப்பட்டு 'துக்கப் படம்' என்று பெயர் சூட்டிவிட்டேன்.

#21 மட்டுறுத்துனர்

இழையைத் தமிழ் ஓவிய உரையாடல் பகுதிக்கு நகர்த்தியிருக்கிறேன். 1985 பற்றித் தனியாகப் பேச விரும்புகிறவர்கள் வரலாற்றுப் பகுதியில் தொடங்கவும். இங்கே ஓவியம் தொடரட்டும்.

#22 ஓவியப்பித்தன்

தீவுக்காரி அம்மா எழுதியதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சில தகவல்களை மட்டும் பதிவு செய்துவிட்டுப் போகிறேன்.

வெர்மீர் வரைந்தவற்றில் நம் கைக்கு வந்தவை முப்பத்தைந்து சொச்சம். அத்தனையும் ஏறக்குறைய அறைக்குள்தான்: ஜன்னல், மேஜை, ஒரு பெண், ஒரு கடிதம். வெளியே வந்து ஊரை வரைந்ததாக இருப்பவை இரண்டே இரண்டு, இதுவும் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிற 'சின்னத் தெரு'வும். அவர் அறையில் வைக்கிற அதே அமைதியை வெளியே கொண்டுவந்து ஊர்மேல் கவிழ்த்தார் என்று எனக்குத் தோன்றும். அந்த அறைகளில் இடது பக்க ஜன்னல் செய்கிற வேலையை இங்கே மேகத்தின் ஓட்டை செய்கிறது.

விலையைப் பற்றியும் கேட்பீர்கள். 1696 இல் ஆம்ஸ்டர்டாமில் அவருடைய 21 படங்கள் ஒரே ஏலத்துக்கு வந்தன. அதிலேயே அதிக விலைக்குப் போனது இதுதான், 200 கில்டர். அப்புறம் ஆளே மறந்துபோய்விட்டார் என்று கதை சொல்வார்கள், முழுக்க உண்மை இல்லை. 1822 இல் டச்சு அரசு இதை 2,900 கில்டருக்கு வாங்கியது, மன்னர் முதலாம் வில்லியம் மவுரிட்ஸ்ஹவ்ஸுக்குக் கொடுத்தார். அங்கே 1842 இல் பார்த்துச் சொக்கிப்போன தோரே என்ற பிரெஞ்சு விமர்சகர்தான் ஊர் ஊராக அலைந்து மற்றப் படங்களைத் தேடி, 1866 இல் கட்டுரைகள் எழுதி வெர்மீரை உலகத்துக்குக் காட்டினார். இத்தனைக்கும் தொடக்கம் இந்தத் தண்ணீர்க்கரைதான்.

#23 நூலகப்பூனை

பிரெஞ்சு என்றதும் ஞாபகம் வருகிறது: மார்செல் ப்ரூஸ்ட். 1921 இல் பாரிசில் இந்தப் படம் கண்காட்சிக்கு வந்தபோது நோயோடு எழுந்து போய்ப் பார்த்தார். அவர் நாவலில் வருகிற எழுத்தாளர் இதில் உள்ள ஒரு சிறு மஞ்சள் சுவர்த் துண்டைப் பார்த்தபடியே இறந்துபோவார். எந்தச் சுவர் என்று நூறு வருடமாக அடித்துக்கொள்கிறார்கள். ரோட்டர்டாம் வாயிலுக்கு இடது பக்கம் பளிச்சென்று தெரிவதா, வலது பக்கம் இருப்பதா?

#24 கணக்குப்பிள்ளை

இடது பக்கம் இருப்பது சுவரே இல்லை, கூரை.

#25 ஓவியப்பித்தன்

எதுவானால் என்ன, நிழல் முழுக்கப் பரவியிருக்கிற இடத்தில் அந்த மஞ்சளை எவ்வளவு சிக்கனமாக வைத்திருக்கிறார் என்று பாருங்கள். வரைகோல், சிவப்புப் புடவையை எடுத்துவிட்டு அந்த அளவு மஞ்சள் மட்டும் வைத்து ஒன்று போட்டுப் பாருங்களேன்.

#26 வரைகோல்

போட்டுவிட்டேன் ஐயா. மூன்று நாள் உட்கார்ந்தேன். முன்னால் நிழல், பின்னால் கூரையில் வெயில், ஊரை ஒரு ஜாண் பட்டையாக வைத்தேன். பிம்பத்தை இக்கரை வரை இழுத்தேன். என்ன வந்தது தெரியுமா? மழை வரப்போகிற மாதிரி இருக்கிறது. வீட்டில் பார்த்துவிட்டு "துணி காயப்போட்டிருந்தால் எடுத்துவிடு" என்றார்கள்.

#27 ஓவியப்பித்தன்

நல்ல விமர்சனம். உங்கள் நிழல் கறுப்பு சேர்த்த நிழல். படத்தை அனுப்புங்கள், பார்க்கலாம். அவர் நிழலுக்குள் நீலம், செம்பழுப்பு, பச்சை என்று எல்லாமே உயிரோடு இருக்கும். வலது பக்கக் கூரைகள் நீலச் சாம்பல், இடது பக்கம் செங்கல் சிவப்பு; இரண்டுமே நிழலில்தான், இரண்டும் வேறு வேறு நிழல். இன்னொன்று, மேகத்தை நீங்கள் ஊர்மேல் உட்கார வைத்திருப்பீர்கள். அவருடைய கரிய மேகம் சட்டத்தின் மேல் விளிம்போடு போய்விடுகிறது, ஊருக்கும் அதற்கும் நடுவே வெள்ளையும் நீலமுமாக எவ்வளவு காற்று! நம் தலைக்கு மேல் கடந்துபோகிற மேகம் அது. இன்னும் பத்து நிமிடத்தில் நமக்கும் வெயில் வரும்.

#28 சும்மாஇரு

நானும் பெருசாக்கிப் பார்த்தேன், சும்மா சொல்லக்கூடாது. படம் இன்னும் போர்தான். ஆனா அந்தத் தண்ணில காத்து லேசா அடிக்கிறது மட்டும் எப்படிப் பண்ணான்னு புரியல. அங்க ஒண்ணுமே வரையலையே.

#29 தீவுக்காரி

செப்டம்பர் பிறந்திட்டுது எண்டு கணக்குப்பிள்ளை அண்ணைக்காக ஒருக்கால் போய்ப் பாப்பம் எண்டு வெளிக்கிட்டன். முதலாம் நம்பர் டிராம் நேர டெல்ஃப்ட் போகும். வெர்மீர் நிண்ட கரைக்கு இப்ப ஹோய்காடெ எண்டு பேர். எட்டு மணிக்கு முதலே போய் நிண்டனான்.

ரெண்டு வாயிலும் இல்லை, 1830களில இடிச்சுப்போட்டினம். கிழக்கு வாயில் மட்டும்தான் ஊரில மிச்சம். அதுக்கும் ரெட்டைக் கூம்பு இருக்கிறபடியால், கன சனம் அதைப் போய்ப் பாத்திட்டு வெர்மீரின்ர வாயில் எண்டு ஃபோட்டோ எடுத்துக்கொண்டு வருகினம். ஸ்கிடாம் வாயிலுக்குப் பின்னால நீட்டுக்குத் தெரிஞ்ச ஆயுதக்கிடங்கு இன்னும் நிக்குது. புதிய தேவாலயக் கோபுரம் தெரியும், ஆனால் படத்தில உள்ள கூம்பு இல்லை. 1872 இல மின்னல் விழுந்து எரிஞ்ச பிறகு இன்னும் உயர்த்திக் கட்டினவை. கோபுரத்து நிழலை வைச்சு மணி பாப்பம் எண்டால் வானம் முழுக்க மூடிக்கிடந்தது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை, ஓல்சன் வென்றாரோ தோத்தாரோ தெரியாது.

தண்ணி மட்டும் அப்பிடியே இருக்குது. அதே அகலம், அதே கலக்கம். ரெண்டு மூண்டு படகு கட்டிக்கிடந்தது. ஒரு மனிசி நாயோட வந்து நிண்டா, இன்னொரு மனிசி சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு அவவோட கதைச்சா. எனக்கு மேல் சிலிர்த்தது, சத்தியமா. ஃபோட்டோ எடுப்பம் எண்டு ஃபோனைத் தூக்கினால், வலப் பக்கமா ஒருத்தர் வந்து நிண்டார். ஃபோனில ஆரோடையோ கத்திக் கதைச்சுக்கொண்டு.

#30 சும்மாஇரு

நான்தான் அன்னிக்கே சொன்னேனே.